கையில் கதிரும் கண்ணில் காட்சியும்

மாலை வேளையில் வீட்டிலமர்ந்து ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகங்களைக் கண்டு களிப்போர்மீது இன்று பல திசைகளிலிருந்தும் கணைகள் பாய்கின்றன. பொழுதை வீணே கொல்லுகிறார்கள் என்று பெரியோர் கடிந்துரைக்கின்றனர். நம்மை ஆண்டவர்களின் மாளிகைக் கதைகளில் தமிழனுக்கு என்ன வேலை என்று மொழிப்பற்றுடையோர் வினவுகின்றனர். அந்நாடகங்களைப் பார்க்கும்போதே கையிற் பஞ்சும் கதிருமாக நூல் நூற்போரைக் கண்டாலோ, ஆலை நூல் கடைதோறும் மலிந்து கிடக்கையில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று இளைஞர் நகைக்கின்றனர்.

இம்மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நாடகம் பார்ப்பதும் நூல் நூற்பதும் தனித்தனியே வெறும் பொழுதுபோக்காக இருப்பினும், இரண்டும் ஒன்று சேரும்போது அவை ஒரு கல்வியாகின்றன என்பதே நமது துணிபு. கை செய்யும் வேலையே கண் காணும் கதைக்கு உரைகல்லாகிறது. எங்ஙனம் என்பதை மூன்று நாடகங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நூற்பும் கதையும்

நூலுக்கும் கதைக்குமுள்ள உறவு பழமையானது. தமிழில் இழைக்கும் நூலென்று பெயர். ஏட்டுக்கும் நூலென்று பெயர். நன்னூலாசிரியர் பவணந்தியார் சொற்களைப் பஞ்சாகவும், அறிவைக் கதிராகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தார். நூற்கும் பெண்ணின் தொழிலைப் புலவன் தொழிலுக்கு உவமையாக்க அப்பெரியார் நாணவில்லை என்பதைக் கருதுக. ஆங்கிலேயரும் கதை சொல்வதை நூல் நூற்பதாகவே கூறும் வழக்குடையர். நம்மிடமோ மற்றொரு வழக்கும் உண்டு. பொய்யை மெய்போற் பின்னுபவனை, அவன் கயிறு திரிக்கிறான் என்கிறோம். நூற்பதற்கும் திரிப்பதற்குமுள்ள இவ்வேற்றுமையை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்; பின்னர் அது நமக்குப் பயன்படும்.

பிரிட்டனில் நூற்பு நெடுங்காலம் வீட்டுத் தொழிலாகவே இருந்தது. ஆட்டு மயிரும், சணல் போன்ற லினன் நாரும், பிற்காலத்தில் பருத்தியும் குடிசைகளில் நூற்கப்பட்டன. மணமாகாத பெண்ணைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ஸ்பின்ஸ்டர் என்னும் சொல்லுக்கு நூற்பவள் என்பதே முதற்பொருள். நமது நற்றிணையிலும் ஆண்துணையற்ற மகளிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலைப்பற்றிப் பேசப்படுகிறது. கடல் கடந்த இரு நாடுகளிலும், துணையற்ற பெண் பிறர் கையை எதிர்பாராமல் உண்பதற்குக் கதிரே கைகொடுத்தது. இதை ஏளனத்துக்குரிய சொல்லாக மாற்றியது பிற்கால ஆண்களின் அறிவீனம்.

நெசவாளி ஒருவனுக்குத் தேவையான நூலைத் தரப் பல பெண்கள் நூற்கவேண்டியிருந்தது. 1733இல் ஜான் கே என்பவர் விசை நாடாவைக் கண்டுபிடித்தபின் நெசவு மேலும் விரைந்தது. நூற் பஞ்சம் பெருகியது. 1764ஆம் ஆண்டளவில் லங்காஷயர் நெசவாளரான ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தால் எட்டுக் கதிர்களைச் சுழற்றும் ஜென்னி என்னும் பொறியை அமைத்தார். 1768இல் தம் பிழைப்புப் பறிபோகுமென்று அஞ்சிய அண்டையூரார் அவர் பொறிகளை உடைத்தெறிந்தனர். 1771இல் ஆர்க்ரைட் குரோம்போர்டில் நீராற்றலால் இயங்கும் நூலாலையை நிறுவினார். 1779இல் சாமுவேல் கிராம்ப்டனின் மியூல் பொறி வந்தது. ஒரு தலைமுறைக்குள் வீட்டுக் கதிர் மூலைக்குச் சென்றது. வீட்டிலிருந்த பெண்ணும் குழந்தையும் ஆலைக்குச் சென்றனர்.

இம்மாறுதலில் இழந்தது என்ன? கூலியும் உடல்நலமும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் மற்றொன்றைக் கூறுவோம். வீட்டில் நூற்கும் பெண்ணுக்குக் கை மட்டுமே வேலை செய்தது, காது ஓய்ந்திருந்தது. அவள் கதை கேட்கலாம், பாடலாம், அண்டை வீட்டாளோடு வழக்காடலாம். ஆலையிலோ பொறிகளின் பேரிரைச்சல் காதைச் செவிடாக்கியது. லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு உதட்டசைவையே மொழியாகப் பயின்றனர். உழைக்கும் கையிடமிருந்து கதையைப் பிரித்தது ஆலை. இன்று வீட்டில் கதிரைச் சுழற்றிக்கொண்டே நாடகம் பார்ப்பவர், பிரிந்த அவ்விரண்டையும் மீண்டும் சேர்த்துவைக்கிறார். பிரிட்டனில் 1955இல் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. பிழைப்புக்காகவன்றி மகிழ்ச்சிக்காக நூற்போர் அந்நாட்டில் இன்றும் பலர் உளர்.

ஒரு சிறு கணக்கு

கேட்டதைக் கொண்டு மட்டும் எழுதுவது முறையன்று என்றெண்ணி, நாமும் தக்ளி ஒன்றை வாங்கிக் கற்றுக்கொண்டோம். முதற் சில நாட்கள் நூல் அறுந்தவண்ணமே இருந்தது. பஞ்சின் சிற்றிழைகள் தனித்தனியே வலுவற்றவை. மெல்ல இழுத்து நீட்டிக் கதிரைச் சுழற்றினால் முறுக்கேறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இழையாகின்றன. அப்போது ஒன்றைக் கண்டோம். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தையே முதலில் நாடுகிறது. தடித்த இடம் முறுக்கேறாமல் சுகமாக இருக்கிறது. மெலிந்த இடம் முறுக்கு மேன்மேலும் ஏறி இறுதியில் அறுகிறது. உலக நடப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் நமக்குக் கிடைத்ததில்லை.

நான்கு மணி நேர நாடகம் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் நாம் நூற்றது ஏறத்தாழ 100 மீட்டர். ஒரு கைக்குட்டைக்கு எவ்வளவு நூல் வேண்டும்? 30 சென்டிமீட்டர் சதுரத்தில், சென்டிமீட்டருக்கு 15 இழை என்று வைத்தால், பாவுக்கு 450 இழை, ஊடைக்கு 450 இழை; ஆக 270 மீட்டர். நாடகம் முழுவதையும் பார்த்தும் கைக்குட்டையிற் பாதியைக்கூட நாம் எட்டவில்லை! ஒரு சேலைக்குக் கணக்கிட்டோம். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமுமுள்ள சேலையில், சென்டிமீட்டருக்கு 20 இழையென்றால், 25 கிலோமீட்டருக்கு மேல் நூல் செல்கிறது. நம் கைவேகத்தில் அதற்குச் சற்றேறக்குறைய ஆயிரம் மணி நேரம் வேண்டும். தேர்ந்த கை நம்மினும் பன்மடங்கு விரைவாக நூற்கும் என்பது மெய்யே. ஆயினும் இக்கணக்கை ஒருமுறை போட்டவர், துணியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். நாடகத்தில் ஒரு சீமாட்டி புதுப்பட்டாடையில் படியிறங்கி வரும்போது, அவள் அழகோடு அவ்வாடைக்குப் பின்னாலுள்ள கைகளும் அவர் கண்ணுக்குத் தோன்றும்.

மாளிகையும் அதன் அடித்தளமும்

முதலில் டவுன்டன் அபியை எடுத்துக்கொள்வோம். ஜூலியன் ஃபெல்லோஸ் எழுதி, 2010 முதல் 2015 வரை ஐடிவியில் 52 பகுதிகளாக வெளிவந்த இந்நாடகத்தை அறியாதார் சிலரே. 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தியோடு கதை தொடங்குகிறது. மேல்மாடியில் கிரந்தம் பிரபுவின் குடும்பமும், கீழ்த்தளத்தில் பணியாட்களும் வாழ்கின்றனர். நடிப்பும் உரையாடலும் காட்சியமைப்பும் முதல் தரமானவை. முதிய சீமாட்டியின் நாவன்மையைக் கேட்டுச் சிரியாதவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாமல் திறனாய்வு செய்வது நேர்மையாகாது.

ஆனால், இந்நாடகத்தில் துணி படும் பாட்டைக் கவனியுங்கள். துணியைத் துலக்குகின்றனர், தேய்க்கின்றனர், தைக்கின்றனர், உடுத்துகின்றனர், நாளொன்றுக்குப் பலமுறை மாற்றுகின்றனர். அத்துணி எங்கிருந்து வந்தது என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. இத்தனைக்கும் அம்மாளிகை நிற்பதே துணியின்மீது! பிரபுவின் மனைவி கோரா அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துப் பெருந்துணி வணிகர் ஒருவரின் மகள். அவள் கொணர்ந்த செல்வமே நலிந்த மாளிகையைக் காப்பாற்றியது. மாளிகைக்கு வாரிசாக வரும் மாத்யூவோ, பருத்தித் தலைநகரமான மாஞ்செஸ்டரிலிருந்து வந்த வழக்கறிஞன். துணிப் பணமும் துணி நகரமும் கதையின் வாயிலில் வந்து நிற்கின்றன. நூற்றவரும் நெய்தவரும் மட்டும் உள்ளே விடப்படவில்லை.

பணியாட்களுக்குக் கதையிற் சரிபாதி இடம் தரப்பட்டிருக்கிறதே என்று சிலர் கூறலாம். இடம் தரப்பட்டது மெய். ஆனால் எத்தகைய இடம்? நல்ல எசமானை நேசிக்கும் நல்ல ஊழியருக்கே அங்கு இடம். தட்டெழுத்துக் கற்று அவ்வேலையிலிருந்து வெளியேற விரும்பும் குவென் என்னும் பணிப்பெண்ணின் கதையே நமக்கு மிகவும் இனித்தது; முதற் தொடரோடு அவள் சென்றுவிடுகிறாள், வெகுகாலத்துக்குப்பின் விருந்தாளியாகவே திரும்புகிறாள். எஞ்சியோர் மணியோசைக்காகக் காத்திருக்கின்றனர். எசமானும் ஊழியனும் ஒரே குடும்பம் என்னும் இக்கதையை நாம் தோட்டத்திலும் கேட்டதுண்டு; துரை நம் தந்தைபோன்றவர் என்று கங்காணி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்! இது நூற்பன்று, இனிய குரலில் செய்யப்படும் கயிறு திரிப்பு. கயிறும் அழகாயிருக்கலாம், எதைக் கட்டுவதற்கென்பதே கேள்வி.

வெண்பஞ்சு மழை

இனி, 2004இல் பிபிசி நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய நார்த் அண்ட் சவுத். எலிசபெத் காஸ்கெல் அம்மையார் 1854-55இல் டிக்கன்ஸ் நடத்திய இதழில் தொடராக எழுதிய நாவலைத் தழுவியது. நாடகமாக்கியவர் சாண்டி வெல்ஷ். தெற்கே அமைதியான சிற்றூரில் வளர்ந்த மார்கரெட், மாஞ்செஸ்டரை ஒத்த மில்டன் என்னும் ஆலை நகருக்கு வருகிறாள். ஆலை முதலாளி தார்ன்டனோடு மோதுகிறாள். தொழிலாளி ஹிகின்ஸின் குடும்பத்தோடு நட்புக் கொள்கிறாள்.

மார்கரெட் முதன்முதலாக ஆலைக்கதவைத் திறக்கும் காட்சியை மறக்க முடியாது. உள்ளே வரிசை வரிசையாகத் தறிகள். வெளியெங்கும் வெண்பஞ்சுத் துகள் பனிபோல் மிதந்து இறங்குகிறது. பார்ப்பதற்கு எத்துணை எழில்! அவ்வெழிலே கொலை செய்கிறது என்பதைப் பின்னரே அறிகிறோம். ஹிகின்ஸின் மகள் பெஸ்ஸி அத்துகளைச் சுவாசித்து நுரையீரல் நைந்து, இளமையிலேயே சாகிறாள். நாம் சிறிது பஞ்சை வீட்டில் பன்னும்போதே தும்மல் வந்தது. மூக்கினுள் துகள் படிந்தது. நாள்தோறும் காலைமுதல் இரவுவரை அதனுள் நின்ற சிறுமியின் மார்பு என்னவாகியிருக்கும் என்பதை அத்தும்மலே நமக்கு உணர்த்தியது.

காஸ்கெல் அம்மையார் நாவலில் ஒரு செய்தியைச் சொல்கிறார். துகளை வெளியேற்றும் விசிறிச் சக்கரம் அந்நாளிலேயே உண்டு. ஆனால் அதற்குப் பெருஞ்செலவாகும், வருவாயோ இல்லை என்பதால் முதலாளிகள் பலர் அதை அமைப்பதில்லை. அதனினும் கொடிது மற்றொன்று: பழகிப்போன துகளை விழுங்காவிட்டால் பசி அதிகமாகிறது, எனவே சக்கரமுள்ள ஆலையில் கூலியும் கூடுதலாக வேண்டுமென்று தொழிலாளர் சிலரே கூறினராம். வறுமை எந்த அளவுக்கு மனிதனைத் தன் நஞ்சையே உணவாகக் கருதச் செய்கிறது என்பதை இதனினும் சுருக்கமாகச் சொன்ன எழுத்தாளர் யார்?

நாடகம் நாவலுக்கு இரு மாறுதல்களைச் செய்துள்ளது. புகைபிடித்த தொழிலாளி ஒருவனைத் தார்ன்டன் அடித்து வீழ்த்தும் காட்சி நாவலில் இல்லை. பஞ்சாலையில் ஒரு தீப்பொறி பல நூறு உயிரைக் குடிக்கும் என்று அவர் கூறும் காரணம் சரியே. அடித்தது சரியா என்பதை நாடகம் நம் தீர்ப்புக்கு விடுகிறது. இம்மாறுதலை நாம் வரவேற்கிறோம். முடிவோ, நாவலில் லண்டன் வீடொன்றின் அறைக்குள் நிகழ்வது. நாடகத்தில் புகைவண்டி நிலையத்தில் முத்தமாக மலர்கிறது. அவ்வின்பத்தில் ஆலையும் பெஸ்ஸியும் மறைந்துவிடுகின்றன. கலைத்திறனில் மூன்று நாடகங்களிலும் இதுவே தலையாயது என்பது நம் முடிவு. ஆயினும் கடைசிக் கால்மணி நேரத்தில், பெஸ்ஸியின் கல்லறைக்கு ஒருமுறையேனும் நம்மை அழைத்துச் சென்றிருக்கலாகாதா என்று ஏங்குகிறோம்.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இந்நாடகத்தில் சங்கத் தலைவன் ஹிகின்ஸாக நடித்த பிரெண்டன் கொய்ல், ஆறாண்டுகளுக்குப்பின் டவுன்டன் அபியில் பிரபுவுக்குச் சட்டை மாட்டும் பேட்ஸாக வருகிறார். இதை இயக்கிய பிரையன் பெர்சிவலே டவுன்டனின் முதற் பகுதியையும் இயக்கினார். அதே முகம், அதே இயக்குநர். வேலைநிறுத்தம் செய்த கை, துணிக்குத் தூரிகை பிடிக்கிறது! நடிகரை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டாவதே உலகெங்கும் பன்மடங்கு புகழ் பெற்றது என்பது பார்ப்போராகிய நம்மைப்பற்றிச் சிந்திக்கத்தக்க செய்தி.

கசப்பு மருந்து

மூன்றாவது, 2013இலும் 2014இலும் சேனல் 4 வெளியிட்ட தி மில். ஜான் ஃபே எழுதியது. செஷயர் மாவட்டத்து ஸ்டையல் என்னுமிடத்தில் 1784இல் சாமுவேல் கிரெக் நிறுவிய குவாரி பேங்க் நூலாலையே கதைக்களம். அவ்வாலை 1939 முதல் நாட்டு அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது; இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. ஏழைவிடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் ஒப்பந்தத்தின்பேரில் அங்கு உழைத்தனர். எஸ்தர் பிரைஸ் என்னும் சிறுமி மெய்யாக வாழ்ந்தவள். ஆலையிலிருந்து ஓடிப்போய்த் தண்டிக்கப்பட்டவள். கெர்ரி ஹேய்ஸ் அவளாக நடித்துள்ளார்.

இந்நாடகத்தின் உயிர்நிலை ஒரு தாள். எஸ்தர் தன் வயது இன்னதென்று அறிவாள். நிர்வாகமோ வேறு வயது எழுதி வைத்திருக்கிறது. வயது குறைந்தால் ஒப்பந்தம் நீளும். கூலியற்ற உழைப்பு நீளும். தன் பிறப்புக்குச் சான்று தேடி அவள் நடத்தும் போராட்டமே கதை. நேயர்களே, பிறப்புச் சான்றில்லாமையால் பள்ளியும் குடியுரிமையும் எட்டாமல் அல்லலுற்ற தோட்டத்துப் பிள்ளைகளை நாம் அறிவோம் அல்லவா? அதிகாலை மணியோசைக்கு ஸ்டையல் சிறுமியர் எழுந்து வரிசையில் நிற்கும்போது, இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நின்ற நம் தாயரை நினையாமலிருக்க முடியவில்லை. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நீக்கப்பட்டது. அதன் நிழல் அத்தனை விரைவில் நீங்கவில்லை.

கிரெக் குடும்பத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளில் டொமினிக்கா என்னுமிடத்தில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது. ஆலையிற் சிறுவர், தோட்டத்தில் அடிமைகள், ஆலைக்கு வந்த பருத்தியும் அமெரிக்க அடிமைகள் பறித்தது. ஒரே இழையில் எத்தனை கைகள்! 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணியாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை விலக்கி, பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு வாரம் 48 மணி என்று வரம்பிட்டது. பத்து மணிச் சட்டமோ 1847இல்தான் வந்தது. இவை கருணையால் விழுந்த கனிகளல்ல. கேட்டும் கிளர்ந்தும் பெற்றவை என்பதை தி மில் நன்கு காட்டுகிறது.

இதன் குறையையும் மறைக்கமாட்டோம். இதில் சிரிப்பே அரிது. துன்பத்தின்மேல் துன்பம் அடுக்கப்படுவதால், பார்ப்பவர் உள்ளம் ஒரு கட்டத்தில் மரத்துப்போகிறது. சில உரையாடல்கள் மேடைச் சொற்பொழிவுகளாகவே உள்ளன. உழைப்பவன் அழுவதற்கு மட்டும் பிறந்தவனல்லன். அவனுக்கும் கேலியும் காதலும் பாட்டும் உண்டு. தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்க்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. டவுன்டனின் நகைச்சுவையில் ஒரு பகுதியேனும் ஸ்டையலுக்குக் கிடைத்திருக்குமாயின், இது பேரிலக்கியமாகியிருக்கும். உண்மை கசப்பாக இருக்கலாம். கசப்பு மட்டுமே உண்மையாகாது.

ராட்டினம் தெய்வமன்று

கதிரின் பெருமையைப் பேசுவதால் நாம் ராட்டின வழிபாட்டுக்குத் திரும்புகிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றிருந்த காந்தியார், லங்காஷயரைச் சேர்ந்த டார்வென் என்னும் ஆலையூருக்குச் சென்றார். அந்நியத்துணி விலக்கால் தம் வேலைக்கு ஊறு நேர்ந்ததென்று கருதிய தொழிலாளரே அவரை அன்போடு வரவேற்றனர். ஆலைப்பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரிக்கும் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. உழைக்கும் கையை உழைக்கும் கை அடையாளம் கண்ட காட்சி அது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் நூற்றால் ஆன்மா தூய்மையாகும் என்பதை நாம் ஏற்கவில்லை.

1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து நம்மவரிடையே சுயமரியாதையை விதைத்த பெரியார் ஈ.வெ.ரா., காங்கிரசிலிருந்த காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். அவரே பிற்காலத்தில், இயந்திர யுகத்தில் மக்களைப் பின்னோக்கி இழுக்கும் கருவியென்று ராட்டினத்தைக் கண்டித்தார். ஆயிரம் மணி நேரம் நூற்றுத்தான் ஒரு பெண் சேலை உடுக்கவேண்டுமென்றால், அவள் படிப்பதெப்போது, பொதுப்பணி புரிவதெப்போது? இயந்திரம் பகையன்று, இயந்திரத்தின் பயன் எவர்க்குச் சேர்கிறது என்பதே வழக்கு. வீட்டில் கதிர் சுழற்றுவது ஆலையை ஒழிப்பதற்கன்று, ஆலையிலுள்ளவரை மறவாதிருப்பதற்கு.

நம் நாடகம் எங்கே?

இறுதியாக, நமக்கு அணுக்கமான இரண்டு. 2015இலும் 2016இலும் சேனல் 4இல் வந்த இந்தியன் சம்மர்ஸ் 1930களின் சிம்லாவைக் காட்டுவது; படமெடுக்கப்பட்டதோ நம் பினாங்கில். பினாங்கு மலையிலுள்ள பழைய கிராக் ஹோட்டலே சிம்லா வெள்ளையர் சங்கமாக வேடமிட்டது. நம் மலை கதையிலுண்டு. நம் பெயர் கதையிலில்லை. 1981இல் தொடங்கிய பிபிசியின் டென்கோ, 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஐரோப்பியப் பெண்களின் துயரை நேர்மையோடு சொன்னது. அத்துயரை நாம் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அதே ஜப்பானியரால் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழரைப்பற்றி அதற்கிணையான பிரிட்டிஷ் நாடகம் நாமறிந்தவரை இல்லை. சொல்லாததற்காக ஆங்கிலேயரை மட்டும் நோவானேன்? தம் பாட்டியின் கதையை அவர்கள் சொல்கிறார்கள். நம் பாட்டியின் கதையைச் சொல்லவேண்டியவர் யார்?

நம் தொலைக்காட்சி நாடகங்களில் வேலை செய்யும் கையைக் காண்பது அரிதாயிருக்கிறது. மாமியார் மருமகள் வழக்குகள் பெருகிய அளவுக்கு, பால்மரத்தைச் சீவும் கத்தியின் ஓசை பெருகவில்லை. எஸ்தர் பிரைஸுக்கு ஓர் ஆலையின் பழைய ஏடுகள் துணைநின்றன. நமக்கும் தோட்டத்துப் பதிவேடுகளும் முதியோர் நினைவுகளும் உண்டு. ஏடுகள் மக்குமுன், முதியோர் மறையுமுன் அவற்றைத் திரட்டவேண்டும். காஸ்கெல் அம்மையாரின் கலையும், தி மில்லின் துணிவும், டவுன்டனின் சிரிப்பும் ஒருங்கே அமைந்த தமிழ் நாடகமொன்று தோட்டத்தைக் களமாகக்கொண்டு எழுதப்படுமாயின், அதனை முதல் வரிசையில் அமர்ந்து பார்க்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

அதுவரை, பிரிட்டிஷ் நாடகங்களைப் பார்ப்போர் தாராளமாகப் பார்க்கட்டும், களிக்கட்டும். அதில் நாணத்துக்கு ஒன்றுமில்லை. இயன்றால் கையில் சிறிது பஞ்சை வைத்துக்கொள்ளட்டும். திரையில் பட்டாடை மின்னும்போது தம் விரலிடையே ஓரிழை அறுந்தால், அந்த ஆடையை நூற்றவர் எவர் என்ற கேள்வி தானே எழும். அக்கேள்வியோடு பார்ப்பவரை எந்த மாளிகைக் கதையும் மயக்கிவிட முடியாது.